பத்து வெள்ளி எண்ணெய்

2023ஆம் ஆண்டு சீனப் பெருநாள் ஜனவரி 22ஆம் தேதி வந்தது. மறுநாள் காலை, ஊத்தான் மெலிந்தாங்கைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் அப்பாவின் லோரி நின்றுபோனது. பாகான் டத்தோ பக்கமிருந்து உரித்த தேங்காய் நானூறு ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குலுக்கல். அப்புறம் இன்னொன்று. பிறகு எஞ்சின் சத்தமே இல்லை. அப்பா லோரியைச் சாலையோரம் உருள விட்டு நிறுத்தினார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இருக்கையைத் தூக்கிக் கீழே இருந்த எஞ்சினைப் பார்த்தார். பார்த்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மோட்டாரில் போன ஒரு மலாய்ப் பெரியவர் நிறுத்தினார். சாவியைப் போடச் சொல்லி, குனிந்து லோரியின் வயிற்றுப் பக்கம் காதை வைத்தார். "பாங், பம்ப் தாக் புஞி" என்றார். பம்ப் சத்தம் வரவில்லையாம். பிறகு தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, பெட்ரோல் தங்கியின் அடியில் நாலு தட்டு தட்டினார். "சூபா." அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

செருப்படி வாங்கி உயிர் பெற்ற லோரி வீட்டு வாசல் வரை வந்தது. அங்கே நிறுத்திய பிறகு எத்தனை தட்டியும் எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோப்புக்காரர்களிடம் கையில் காசு கொடுத்துத் தேங்காய் எடுப்பார். கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் அவருக்குக் காசு தருவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில் அவர் சட்டைப் பையில் இருக்கும் பணம்தான் எங்கள் குடும்பம். அதனால் அவர் ஒருநாளும் தங்கியை நிரப்பியதில்லை. போகும்போது பத்து வெள்ளி, காசு வந்தால் திரும்பும்போது பத்து வெள்ளி. ரோன்95 அப்போது லிட்டருக்கு 2 வெள்ளி 5 காசு. பத்து வெள்ளிக்கு ஐந்து லிட்டர்கூட வராது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த லோரியில் எண்ணெய் காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு மேலே ஏறியதை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அந்த முள் கெட்டுப்போனது என்றே நினைத்திருந்தேன்.

இதை வைத்துத்தான் மாமாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் போமனாக இருந்து ஓய்வு பெற்றவர். டிராக்டர், லோரி, ஜெனரேட்டர் எல்லாம் அவர் கைப்பட்டால் ஓடும். வாயும் அப்படித்தான் ஓடும். அக்காவின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் நிறைந்த கூடத்தில், யாரோ அப்பாவின் லோரியைப் பற்றிக் கேட்டார்கள். மாமா சொன்னார்: "நம்ம மாப்ள லோரிக்கு எண்ணெய் எப்படி அடிப்பாருன்னு தெரியுமா? கோயில் விளக்குக்கு ஊத்துற மாதிரி. கரண்டி கணக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் மாமா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஐந்து வருடம் ஆகிவிட்டது. மாமாவும், "ஒரு வெளையாட்டுக்குச் சொன்னதுலா" என்று அம்மாவிடம் சொன்னாரே தவிர, வந்து அப்பாவிடம் சொல்லவில்லை.

லோரி நின்ற நேரமும் மோசமான நேரம். அந்த வருடம் தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. சீனப் பெருநாளின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் அதே நாள்தான். இரண்டும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அப்படி அமைந்துவிட்டது. ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கத்துக் கடைகளுக்கு அப்பா தேங்காய் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். முன்பணமும் வாங்கியாகிவிட்டது. வருடத்தில் அவருக்குக் கொஞ்சம் நிமிர்ந்து மூச்சு விடக் கிடைப்பது அந்த ஒரு வாரம்தான். லோரிச் சாமான் கடைகளோ பெரும்பாலும் சீனர்களுடையவை. பெருநாளுக்கு மூடினால் எப்போது திறப்பார்கள் என்று தவுக்கேவுக்கு மட்டும்தான் தெரியும். பொருள் அனுப்பும் கோலாலம்பூர் கடையும் மூடியிருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் கையை விரித்தார். "உள் பம்ப் ஆர்டர் போட்டுத்தான் வரணும். எட்டாம் நாள், ஒம்பதாம் நாளுக்கு மேலதான் கடையே தொறப்பான். வந்து சேர இன்னும் நாலு நாள்."

புதன்கிழமை அம்மா கொல்லைப்புறம் போய் யாருக்கோ போன் செய்தார். வியாழக்கிழமை காலை மாமாவின் பழைய வேன் வாசலில் வந்து நின்றது.

அப்பா அஞ்சடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமா யாரையும் பார்க்காமல் நேரே லோரியிடம் போனார். "டே, சாவி எங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா பேப்பரை மடிக்காமல், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பக்கத்தில் திண்ணையில் வைத்தார். என்னிடம் கொடுக்கவும் இல்லை, மாமாவிடம் நீட்டவும் இல்லை. நான் எடுத்துக்கொண்டு போனேன்.

மாமா முதலில் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பம்புக்கான ரிலேயைப் பிடுங்கி, அதே அளவிலான ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் மாட்டினார். அப்போதும் சத்தம் இல்லை. தங்கிக்குப் போகும் ஒயர் முனையில் டெஸ்ட் விளக்கைப் பிடித்து என்னைச் சாவி போடச் சொன்னார். விளக்கு இரண்டு நொடி எரிந்து அணைந்தது. "கரண்ட் வந்து வாசல்ல நிக்குது. உள்ள இருக்கறவன்தான் தொறக்க மாட்டேங்கறான்" என்றார். பம்ப் போய்விட்டது.

அந்த இரண்டு நாளில் மாமா வேலை செய்துகொண்டே சொன்னதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் அந்தப் பம்பைப் பற்றி எனக்கு இப்போது தெரிந்தவை. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கும். எஞ்சின் சுற்றும்போது ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் ஆடி, தங்கியிலிருந்து பெட்ரோலை மெதுவாக உறிஞ்சும். அதற்கு வேண்டிய அழுத்தம் 0.3 பார் அளவுதான். இன்ஜெக்ஷன் வந்தபோது அது போதவில்லை. பெட்ரோலைப் பூவாகத் தெளிக்கக் கிட்டத்தட்ட 3 பார் வேண்டும், பத்து மடங்கு. அதற்கு மின்சார மோட்டார் பம்ப் வந்தது. 1967இல் ஃபோல்க்ஸ்வாகன் 1600 காரில் போஷ் நிறுவனம் மின்னணு இன்ஜெக்ஷனைக் கொண்டுவந்தபோது அந்தப் பம்ப் தங்கிக்கு வெளியேதான் இருந்தது. உள்ளே போனது பிறகுதான்.

உள்ளே போனதற்குக் காரணங்கள் உண்டு. இந்த வகைப் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் கெட்டி இல்லை. சூட்டில் பெட்ரோலை உறிஞ்சினால் குழாயிலேயே ஆவியாகிவிடும். ஆவியை இந்தப் பம்பால் தள்ள முடியாது. தங்கியின் அடியிலேயே உட்கார வைத்தால் உறிஞ்சும் வேலையே இல்லை. சத்தமும் வெளியே கேட்காது. முக்கியமாக, சுற்றி இருக்கும் பெட்ரோலே பம்பைக் குளிர வைக்கும்.

பெட்ரோலுக்குள் மின்சார மோட்டாரா, வெடிக்காதா என்று நான் கேட்டேன். "எரியறதுக்குக் காத்து வேணும்லா" என்றார் மாமா. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரையிலிருந்து ஏழரை பங்கு வரை இருந்தால்தான் தீப் பிடிக்கும். மூடிய தங்கிக்குள் ஆவி அதைவிட மிக அதிகம். நெருப்புக்குப் போதிய காற்று அங்கே கிடையாது. ஆபத்து தங்கியைத் திறந்து ஆவி வெளியே வரும்போதுதான். இதை அவர் வியாழக்கிழமை சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை அது புத்தகப் பாடமாக இல்லாமல் போனது.

மாமாவின் யோசனை இதுதான். உள் பம்ப் கிடைக்கவில்லை. அவர் கொட்டகையில் ஒரு பழைய வால்வோ 240இலிருந்து கழற்றிய பம்ப் இருந்தது. ஷா ஆலாமில் பொருத்தி விற்ற கார்கள் அவை. அதில் பெரிய பம்ப் காரின் அடியில், தங்கிக்கு வெளியே இருக்கும். அதை லோரியின் சேஸில் மாட்டிவிடலாம்.

"அப்ப தங்கிய எறக்க வேணாம்ல?" அப்பாவின் குரல். பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்திருந்தார். என்னிடம்தான் கேட்டார்.

மாமாவும் என்னிடமே பதில் சொன்னார். "எறக்கித்தான்டா ஆவணும். செத்த பம்ப் உள்ள அடச்சிக்கிட்டு இருக்குல? அது வழியா எண்ணெய் வராது. அத எடுத்துட்டு, அந்த எடத்துல வெறும் கொழா வைக்கணும்."

ஒரு பம்ப்பை வெளியே மாட்ட வேண்டும் என்றாலும் உள்ளே போய்த்தான் வர வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய், தங்கியை இறக்கி வைக்க நாலு பலகைக் கட்டையைக் கொண்டுவந்து போட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை ஆரம்பித்தது. பேட்டரியின் ஒயரை முதலில் கழற்றினார் மாமா. மிச்சம் இருந்த பெட்ரோலை மூடி உள்ள இரும்புத் தகரத்தில் வடித்தோம். மூன்று லிட்டர்கூட இல்லை. "எறக்கறதுக்கு லேசு" என்று நான் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே உணர்ந்தேன். மாமா அதைக் கேட்காத மாதிரி ஸ்பானாவைக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போன முதல் பொருள் அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானா.

தங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் நட்டுகள் துரு ஏறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, காத்திருந்து, மாமா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் படுத்துக்கொண்டு திருகினார்கள். தங்கி இறங்கியபோது மணி ஆறரை ஆகியிருந்தது. மேல் மூடியின் எட்டுத் திருகுகளைக் கழற்றி, பம்ப் மாட்டியிருந்த சட்டத்தை மாமா தூக்கி வெளியே எடுத்தார். பெட்ரோல் வாடை முகத்தில் அறைந்தது.

அந்த நேரத்தில் அம்மா சாம்பிராணித் தட்டோடு வாசலுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை. தட்டில் தணல் சிவந்திருந்தது, நடுவில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்கும் காட்டுவது அவர் வழக்கம். அதிலும் வண்டி நோயாகக் கிடக்கும்போது காட்டாமல் இருப்பாரா?

எனக்கு வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தண்ணீர் மாதிரி ஊர்ந்து போகும். நாம் நிற்கும் இடத்தில் வாடை குறைவாக இருந்தாலும் கணுக்காலுக்குக் கீழே நிறைந்திருக்கும். பெட்ரோலின் மேல் தீப் பிடிக்கும் ஆவி உருவாவதற்கு வெயில்கூட வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலேயே அது உருவாகிவிடும். நம் ஊர் மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏய்! அங்கயே நில்லு!" என்று கத்தியது அப்பா. அவர் அம்மாவிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மாமா பம்பைக் கீழே வைத்துவிட்டு, "உள்ள போ தங்கச்சி. திரும்பி உள்ள போயிரு" என்றார், மிக மெதுவாக. அம்மா நின்ற இடத்திலேயே திரும்பி, அடி மேல் அடி வைத்து உள்ளே போனார். பின்கதவு வழியாகப் போய்த் தட்டைக் கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிய சத்தம் கேட்டது.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அப்பா சொன்னார்: "மச்சான், தங்கிய ரம்புத்தான் மரத்தடிக்குக் கொண்டு போயிருவோம்." மாமா, "ஆமா மாப்ள. மொதல்லயே அங்க வச்சிருக்கணும். என் தப்பு" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

அவர்கள் அந்தப் பக்கம் போனபோது நான் பழைய பம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான உருளை. அடிப்பகுதி பளபளவென்று இருந்தது. மேல் பாதி மட்டும் பழுப்பேறி, ஒயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் வெந்து சுருண்டிருந்தது. முங்கிக் கிடந்த பகுதிக்கும் காற்றில் கிடந்த பகுதிக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி ஓர் அடையாளம். அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அது பத்து வெள்ளி.

மாமா திரும்பி வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். அவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார். முப்பது வருடம் எஞ்சின்களைப் பிரித்தவருக்கு அது ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். பின்னால் அப்பா வந்து நின்று, "ஏன் மச்சான் போச்சு?" என்று கேட்டார்.

கூடம் நிறையச் சிரிக்க வைத்த வாய் அது. இப்போது கையிலேயே சாட்சி இருக்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வயசு மாப்ள" என்றார் மாமா. "எல்லாத்துக்கும் ஒரு வயசு இருக்குல." பம்பை ஒரு பழந்துணியில் சுற்றி வேனுக்குள் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை முழுவதும் பொருத்தும் வேலை. ஊரில் திறந்திருந்த ஒரு மலாய்க்காரர் கடையில் ஓஸ், கிளிப், இரண்டு ஃபில்டர், ரிலே, பியூஸ், ஒயர் வாங்கி வந்தேன். ஓஸில்கூட இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கார்புரேட்டருக்கான ஓஸ் 3 பாரைத் தாங்காது, இன்ஜெக்ஷனுக்கான ஓஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். அதையும் தங்கிக்குள் போட முடியாது. அதன் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் ஊறிப்போய்விடும். அதனால் செத்த பம்ப் இருந்த இடத்தில் மாமா எட்டு மில்லிமீட்டர் எஃகுக் குழாயை வைத்து, அடியில் புதுச் சல்லடையை மாட்டினார். குழாயை இணைக்கும் விரல் நீளத் துண்டுக்கு மட்டும், மூழ்கிக் கிடந்தாலும் கெடாத வகை ஓஸை அவரே கொட்டகையிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

மாட்டுவதற்கு முன்னால் வால்வோ பம்பைச் சோதித்தார். வாசலின் கோடியில், வாளிப் பெட்ரோலில் ஒரு குழாய், ஒன்றரை லிட்டர் போத்தலில் ஒரு குழாய். ஒயரைப் பம்பில் முதலில் முடுக்கிவிட்டு, பொறி பறக்கக்கூடிய கடைசி இணைப்பைத் தூரத்தில் இருந்த பேட்டரியில் வைத்தார். முப்பது நொடியில் முக்கால் போத்தல் நிறைந்தது. போதும் என்றார்.

பம்பை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. தங்கிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்தவரை தாழ்வாக இருக்க வேண்டும், பெட்ரோல் தானே இறங்கி வரும்படி. புகைக் குழாயின் சூடு படக் கூடாது. சாலைக் கல்லும் படக் கூடாது. சேஸின் உள்பக்கத்தில் ஓர் இடம் கண்டுபிடித்து, ரப்பர் வைத்து இறுக்கினார். பம்புக்கு முன்னால் பெரிய கண் ஃபில்டர், பின்னால் பொடிக் கண் ஃபில்டர். மாற்றி வைத்தால் பம்ப் மூச்சுத் திணறிச் சாகும். உறிஞ்சும் பக்கத்து இணைப்புகளை மூன்று முறை சரி பார்த்தார். அழுத்தம் உள்ள பக்கம் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். யாருக்கும் தெரியாமல் வண்டி நிற்கும்.

ஒயர் போடும்போது அவர்களுக்குள் சின்னத் தகராறு வந்தது. எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

"எதுக்கு மச்சான் ரிலே, அது இது? சாவியிலேர்ந்து நேரா ஒரு ஒயர் இழுத்தா முடிஞ்சது. பொழுது போவுது."

"நேரா குடுத்தா, வண்டி பெரண்டு கெடந்தாலும் சாவி போட்டபடி இருந்தா பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும் மாப்ள. ஓஸ் அறுந்திருந்தா தரை பூரா எண்ணெய ஊத்தும். உள்ள மாட்டிக்கிட்டவன் கதி என்னா?"

அதனால் பழைய பம்பின் ஒயரை அவர் வெட்டி எறியவில்லை. அதைப் புது ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொண்டார். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்த தடிமனான புது ஒயர் அந்த ரிலே வழியாகப் பம்புக்குப் போனது. எஞ்சின் சுற்றினால்தான் வண்டியின் கணினி அந்தப் பழைய ஒயருக்குக் கரண்ட் கொடுக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். அப்பா அதற்குமேல் பேசவில்லை, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாலை ஐந்து மணிக்குச் சாவி போட்டோம். ங்ங் என்று இரண்டு நொடி சத்தம். நின்றது. மறுபடி போட்டோம். குழாய்களில் இருந்த காற்று வெளியேறும் வரை நாலைந்து முறை. மாமா அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் எழுந்து நின்றதும் தலையை ஆட்டினார். அப்பா ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் பிடித்தது. சும்மா ஓடும்போது இரண்டரை பார். ரெகுலேட்டரின் காற்றுக் குழாயைப் பிடுங்கினால் மூன்று. தேவைக்கு மேல் வருகிற பெட்ரோல் திரும்பு குழாய் வழியாகத் தங்கிக்குப் போனது. மாமா ஒவ்வொரு இணைப்பின் கீழும் காய்ந்த அட்டையைப் பிடித்துப் பார்த்தார். அட்டை நனையவில்லை.

கையைக் கழுவிக்கொண்டே மாமா சொன்னார்: "மாப்ள, ஒண்ணு சொல்லணும். இது வெளிப் பம்ப். உள்ள இருக்கறதவிட இதுக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம். இழுக்காது. மேலேர்ந்து எண்ணெய் வந்து நிக்கணும். கால் தங்கிக்குக் கீழ போனா மேட்டுல, வளைவுல காத்தக் குடிச்சிரும். அதனால கால் தங்கி எப்பவும் இருக்கணும். ஒங்களுக்காகச் சொல்லல, பம்புக்காகச் சொல்றேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி மச்சான்" என்றார்.

மாமா சொன்னது பொய் இல்லை. வெளிப் பம்புக்கு உண்மையிலேயே அந்தக் குறை உண்டு. தங்கிக்குள்ளே பெட்ரோலைத் தேக்கி வைக்கும் கிண்ணம் இல்லாத வண்டியில் அது இன்னும் அதிகம். ஆனால் உள் பம்புக்கும் அதே கால் தங்கி தேவைப்பட்டிருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கு அவர் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் வீட்டில் வறுமை என்ற சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. அப்பா "காசு சுத்தி வரணும்" என்பார். சுற்றி வரும் காசு நடுவில் எதை எதைத் தேய்க்கிறது என்று அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்க்கும்வரை நான் யோசித்ததில்லை. பத்து வெள்ளியாக அடிப்பதில் அப்பா ஒரு காசுகூட மிச்சப்படுத்தவில்லை. அதே லிட்டர், அதே விலை. கூடுதலாக ஒரு பம்ப் விலையும், கிட்டத்தட்ட ஒரு தைப்பூசமும் போயிருக்கும். கையில் மொத்தமாகப் பணம் இருப்பவனுக்கு இந்தச் செலவு வராது. இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அவருக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை.

சோதனை ஓட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். இருவர் உட்காரும் இருக்கையில் நெருக்கிக்கொண்டு. எண்ணெய் நிலையத்தில் அப்பா இறங்கி உள்ளே போய் முகப்பில் காசு கட்டிவிட்டு வந்தார். எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே முனையைத் தங்கியில் வைத்து விசையை அழுத்தினார். நான் கண்ணாடியில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்து நெருங்கியபோது அப்பாவின் விரல் தானாக விசையை விட்டது. அத்தனை வருடப் பழக்கம். எண் 9.87இல் நின்றது. அப்பா ஒரு நொடி அதையே பார்த்தார். பிறகு மறுபடி அழுத்தினார். ஐம்பது வெள்ளி வரை.

மாமா எதிர்ப்பக்கம் திரும்பி, சாலையில் போகிற பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியதும் முள் ஏறியது. அது கெட்டுப்போகவில்லை. தைப்பூசத்துக்குத் தேங்காய் போய்ச் சேர்ந்தது. பிறகு கடைகள் திறந்தபோது புது உள் பம்ப் வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டறைக்காரர் சொல்லி அனுப்பினார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "இதுன்னா சத்தம் கேக்குதுலா. ஓடுதா, இல்லையான்னு தெரியும்."

இப்போது நான் கோலாலம்பூரிலிருந்து காலையில் அழைக்கும்போது சில நாள் அவர் லோரியில் ஏறிக்கொண்டிருப்பார். சாவி போடும் சத்தம் கேட்கும். அதைத் தொடர்ந்து இரண்டு நொடி, ங்ங் என்று. "எண்ணெய் இருக்கா பா?" என்று கேட்பேன். "கால் தங்கிக்கு மேல இருக்கு. ஒங்க மாமா நேத்து எட்டிப் பாத்துட்டுத்தான் போனாரு" என்பார்.